கோதுமை மாவில் சவர்டோ பிரெட்: வெயில் ஊருக்கு வேறு கணக்கு

கேள்வி:

வீட்டில் மைதாவைக் குறைக்க வேண்டும் என்று சில மாதங்களாக முழுக் கோதுமை மாவில் சவர்டோ பிரெட் செய்து பார்க்கிறேன். ஈஸ்ட் போட்ட பிரெட் எனக்கு நன்றாகவே வரும். இது மட்டும் படுத்துகிறது. ஸ்டார்ட்டர் மூன்றாம் நாளே பொங்கி வழிந்தது. அப்புறம் செத்துப்போன மாதிரி அசைவில்லை. விடாமல் மாவும் தண்ணீரும் சேர்த்து மறுபடி எழுப்பினேன். புத்தகத்தில் சொன்னபடி 500 கிராம் மாவு, 100 கிராம் ஸ்டார்ட்டர், 350 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு. காலை 7 மணிக்குப் பிசைந்து வெளியே வைத்து, மதியம் 1 மணிக்கு உருட்டி, ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் சுடுகிறேன். உருட்டும்போது மாவு பிசுபிசுவென்று ஒட்டுகிறது, நிற்காமல் பரவுகிறது. தண்ணீரைக் குறைத்தும் பார்த்துவிட்டேன், அப்போதும் அதே கதைதான். சுட்டால் மேலே கல், அடியில் களி, வாயில் வைக்க முடியாத புளிப்பு. மாவு, மில்லில் அரைத்த கோதுமை. சில சமயம் சம்பா கோதுமை. ஓவன் 30 லிட்டர் ஓடிஜி. இட்லி மாவையே ஸ்டார்ட்டராகப் போடலாமே என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. மாமனாருக்குச் சர்க்கரை இருக்கிறது, அவருக்கு இந்த பிரெட் கொடுக்கலாமா? மைதா கலக்காமல் இது வருமா, இல்லை இந்த ஆசையை விட்டுவிடட்டுமா?

வாசகி, திருச்சி

பதில்:

விட வேண்டாம். மைதா ஒரு சிட்டிகைகூடச் சேர்க்காமல் நல்ல சவர்டோ பிரெட் நம் வீட்டு ஓடிஜியில் வரும். உங்கள் கைப்பக்குவத்தில் குறை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை, ஸ்டார்ட்டரும் உயிரோடுதான் இருக்கிறது. கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது ஒரே ஒரு வரியை. காலை 7 மணிக்குப் பிசைந்த மாவு மதியம் 1 மணி வரை வெளியே இருக்கிறது. உங்கள் தொல்லைகளில் முக்கால்வாசி அந்த ஆறு மணி நேரத்தில்தான் தொடங்குகிறது.

சவர்டோ புத்தகங்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ உட்கார்ந்து எழுதியவை. அங்கே சமையலறை 22, 24 டிகிரியில் இருக்கும். அந்தச் சூட்டில் ஆறு மணி நேரம் சரிதான். திருச்சியில் காலையிலேயே 30 டிகிரி, உச்சியில் அதற்கும் மேல். சித்திரை மாதத்து இட்லி மாவை மார்கழியில் வைக்கிற நேரத்துக்கு வெளியே வைப்பீர்களா? மாட்டீர்கள். கரைத்து வைத்த சில மணி நேரத்தில் எட்டிப் பார்த்து, பொங்கியதும் உள்ளே தூக்கி வைத்துவிடுவீர்கள். அந்தக் கண் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. புத்தகத்தை நம்பி அதை ஒதுக்கி வைத்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

சூடு கூடினால் வெறுமனே சீக்கிரம் புளிக்கும் என்பதோடு விஷயம் முடிவதில்லை. சவர்டோவுக்குள் இரண்டு கூட்டம் வேலை செய்கிறது. காற்றை நிரப்பி மாவை எழுப்புவது பெரும்பாலும் ஈஸ்ட். புளிப்பைக் கொடுப்பது லாக்டிக் அமில பாக்டீரியா. சவர்டோவில் அதிகம் ஆராயப்பட்ட ஈஸ்ட் ஒன்று 27 டிகிரி வாக்கில் நன்றாக வளரும், 36 டிகிரியைத் தாண்டினால் வளர்ச்சியே நின்றுவிடும். அதனுடன் சேர்ந்து வாழும் பாக்டீரியாவுக்கோ 32 டிகிரிதான் கொண்டாட்டம். ஆக, உங்கள் சமையலறைச் சூட்டில் எழுப்புகிறவன் சோர்ந்துபோக, புளிக்க வைக்கிறவன் முந்திக்கொள்கிறான். அமிலம் ஏற ஏற, கோதுமையிலேயே இயற்கையாக இருக்கும், புரதத்தை அறுக்கிற நொதிகள் விழித்துக்கொள்ளும். அவை குளூட்டன் வலையைத் துண்டு துண்டாக்கும். பிசைந்தபோது கெட்டியாக இருந்த மாவு, மதியம் தளர்ந்து, ஒட்டி, பரவுவது அதனால்தான்.

இதை ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், நீங்கள் தண்ணீரைக் குறைத்திருக்கிறீர்கள். 500 கிராம் ஆட்டாவுக்கு 350 கிராம் தண்ணீர் என்பது கிட்டத்தட்ட சப்பாத்தி மாவுப் பதம். சப்பாத்தி மாவு கையில் ஒட்டுமா? ஒட்டாது. அந்தப் பதத்தில் பிசைந்த மாவு ஆறு மணி நேரம் கழித்து ஒட்டுகிறது என்றால் தண்ணீர் கூடிவிட்டதாக அர்த்தமில்லை, வலை அறுந்துவிட்டது. தண்ணீரைக் குறைப்பதால் அறுந்தது ஒட்டாது. உள்ளபடி உங்கள் மாவுக்கு இன்னும் தண்ணீர் வேண்டும்.

காரணம் நம் ஆட்டா. சக்கியில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே அழுந்தி அரைபடும்போது மாவுச்சத்துத் துகள்கள் நிறைய உடைகின்றன. உடைந்த துகள் முழுத் துகளைவிடப் பல மடங்கு தண்ணீரைக் குடிக்கும். சப்பாத்தி மெத்தென்று வருவதற்கு அதுதான் உதவுகிறது. இத்துடன் தவிடும் தன் பங்குக்கு, அவசரமில்லாமல், தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். ரோலர் மில் மாவுக்கு எழுதிய அளவை நம் ஆட்டாவில் போட்டால் மாவு தாகத்தோடுதான் ஓவனுக்குள் போகும். 500 கிராமுக்கு 400 கிராம் தண்ணீரில் தொடங்குங்கள். கை பழகிய பிறகு 420 வரை போகலாம்.

உடைந்த மாவுச்சத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நொதிகள் அதைச் சுலபமாகச் சர்க்கரையாக்கிவிடும். நொதித்தல் நேரம் நீண்டால் அந்த வேலையும் நீளும். சுட்ட பிரெட்டின் அடியில் நீங்கள் பார்க்கிற களியில் இதற்கும் பங்கு இருக்கிறது. மீதிப் பங்கு, எழும்பாமல் நெருங்கிப்போன மாவின் நடுவே சூடு சரியாக ஏறாததற்கு.

கோதுமையைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். சம்பா கோதுமை என்ற பெயரில் இங்கே விற்பது பெரும்பாலும் எம்மர் கோதுமை, வடக்கே கப்லி என்பார்கள். உப்புமாவுக்கும் கஞ்சிக்கும் பாயசத்துக்கும் அதற்கு ஈடில்லை. உயர்ந்து நிற்கும் பிரெட்டுக்கு அதைத் தனியாக நம்பாதீர்கள். நாம் சாதாரணமாக வாங்கும் பிரெட் கோதுமை மூன்று புல்லினங்களின் மரபணுத் தொகுதிகள் கலந்து உண்டான பயிர். கடைசியாக வந்து கலந்த காட்டுப் புல்லின் தொகுதியில்தான் மாவு திமிறி நிற்பதற்கான முக்கியப் புரதங்கள் இருக்கின்றன. எம்மர் அந்தக் கலப்புக்கு முந்தைய பயிர். அதன் மாவு நன்றாக இழுபடும், ஆனால் மீண்டும் சுருங்கி வராது. அதன் மணம் பிடித்திருந்தால் 500-க்கு 100 கிராம் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்ற 400 கிராமும் நல்ல சப்பாத்திக் கோதுமையாக இருக்கட்டும். பாக்கெட் ஆட்டா என்றால் புரதம் 100 கிராமுக்கு 12 கிராம் போட்டிருப்பதாகப் பார்த்து எடுங்கள். ஆனாலும் அந்த எண்ணை முழுக்க நம்ப முடியாது. தவிட்டிலும் முளையிலும் உள்ள புரதமும் அதில் சேர்த்தி, அது குளூட்டன் ஆகாது.

மில்லில் கொடுக்கும்போது உங்களுக்கு முன்னால் யார் என்ன அரைத்தார்கள் என்று பாருங்கள். பச்சரிசியோ ராகியோ அரைத்த மிஷினில் அடுத்ததாக உங்கள் கோதுமையைக் கொட்டினால் அந்த மாவு கொஞ்சம் உங்கள் தூக்கில் வந்து விழும். சப்பாத்திக்குப் பரவாயில்லை. பிரெட்டுக்கு, குளூட்டன் இல்லாத மாவு கலந்தால் அந்த அளவுக்கு வலை பலவீனம். கோதுமை அரைத்தவருக்கு அடுத்து நின்று, நைசாக அரைக்கச் சொல்லுங்கள். மிஷினிலிருந்து மாவு சுடச்சுட வரும். வீட்டுக்கு வந்ததும் மூடிய தூக்கிலேயே விட்டுவிடாமல் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிடுங்கள். முளையில் எண்ணெய் இருப்பதால் முழுக் கோதுமை மாவு நம் வெயிலில் சீக்கிரம் காறல் வாடை அடிக்கும். ஒரு மாதத்துக்கு மேல் வைப்பதாக இருந்தால் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

இனி ஸ்டார்ட்டர். மூன்றாம் நாள் பொங்கியது ஈஸ்ட் இல்லை. மாவோடு வந்த லியூகோனோஸ்டாக் முதலிய பாக்டீரியாக்கள் முதலில் பெருகி வாயுவை வெளியிட்டிருக்கின்றன. அமிலம் கொஞ்சம் ஏறியதும் அவை தாங்காமல் அடங்கிவிடும். நாலாம் நாள், ஐந்தாம் நாள் ஒரு குமிழிகூட இருக்காது. நிறையப் பேர் அங்கேதான் மனம் விட்டுப்போய்க் கொட்டிவிடுகிறார்கள். நீங்கள் கொட்டாமல் தொடர்ந்து மாவு கொடுத்தது அருமையான காரியம். அந்த அமைதியில்தான் புளிப்பைத் தாங்கக்கூடிய பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் நிதானமாக இடம்பிடிக்கின்றன.

ஆனால் உங்கள் ஸ்டார்ட்டர் தளதளவென்று இருக்கும் என்று நினைக்கிறேன். புத்தகங்களில் மாவும் தண்ணீரும் சம அளவு என்றுதான் இருக்கும். நம் வெயிலில் தண்ணீர் அதிகமான ஸ்டார்ட்டர் ஓட்டமாக ஓடிப் புளித்துவிடும். கெட்டியான ஸ்டார்ட்டருக்கு மாறுங்கள், இதை உரிமையோடு வற்புறுத்துகிறேன். பெல்ஜியத்தின் ஃபிளெமிஷ் மக்கள் முழுக் கோதுமையில் கெட்டியாகப் பிசைந்து வளர்க்கும் ஸ்டார்ட்டருக்கு டேசம் என்று பெயர். 1984-ல் வெளிவந்த லாரல்ஸ் கிச்சன் பிரெட் புக் என்ற அமெரிக்கப் புத்தகம் அதை வெளியுலகத்தில் பிரபலமாக்கியது. டேசத்தை மாவுக்குள்ளேயே புதைத்துக் குளிர்ச்சியாக வைப்பார்கள். அந்தக் குளிர்ச்சி நமக்கு வாய்க்காது என்றாலும் கெட்டிப் பதத்தை எடுத்துக்கொள்ளலாம். 15 கிராம் பழைய ஸ்டார்ட்டர், 45 கிராம் ஆட்டா, 30 கிராம் தண்ணீர். உருட்டி ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டால் மதியச் சூட்டில் நாலைந்து மணி நேரத்தில் இரட்டிப்பாகும். மேலே மேடு கட்டி நிற்கும்போதே எடுத்துவிட வேண்டும், நடுவில் பள்ளம் விழுந்தால் நேரம் தாண்டிவிட்டது. பிய்த்து முகர்ந்து பாருங்கள். மோர் வாடையும் பழுத்த பழ வாடையும் கலந்து வந்தால் பக்குவம். நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி மூக்கில் ஏறினால் பசியோடு இருக்கிறது, இரண்டு வேளை மாவு கொடுத்துத் தேற்றிவிட்டுப் பிறகு பிரெட் போடுங்கள். மேலே சாம்பல் நிறத் தண்ணீர் தேங்கினால் பயமில்லை. இளஞ்சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ கோடு தெரிந்தால் மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மாவைப் பொங்க வைக்கும் கலை நம் வீடுகளில் என்றும் உண்டு. இட்லி மாவை முக்கியமாக எழுப்புவது லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா என்பதை 1965-ல் வெளியான ஒரு ஆய்வு காட்டியது. உங்கள் ஸ்டார்ட்டரில் முதலில் பொங்கி அடங்கியதும் இதே குடும்பம்தான். இட்லியில் அது விடுகிற வாயுவை உளுந்தின் வழவழப்பு பிடித்து வைக்கிறது, ஆவியில் சில நிமிடங்களில் வெந்துவிடுவதால் அந்தப் பிடிமானம் போதும். பிரெட் மாவு பல மணி நேரம் தாங்கி, ஓவனில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் நின்று வேக வேண்டும். அதற்கு ஈஸ்ட் பலமாக இருக்க வேண்டும். இட்லி மாவில் ஈஸ்ட் இருந்தாலும் எவ்வளவு என்று நம்பிச் சொல்ல முடியாது, அரிசியும் உளுந்தும் குளூட்டனுக்கு எந்த உதவியும் செய்யாது. அதனால் இட்லி மாவு இட்லிக்கே இருக்கட்டும்.

செய்முறையைச் சாயங்காலத்துக்கு மாற்றிவிடுங்கள், வெயில் இறங்குகிற நேரமாகப் பார்த்து. மதியம் 12 மணிக்கு ஸ்டார்ட்டருக்கு மேலே சொன்ன அளவில் மாவு கொடுங்கள். 4 மணிக்கு 500 கிராம் மாவையும் நைஸ் சல்லடையில் சலித்துத் தவிட்டைத் தனியே எடுங்கள். 40 கிராம் வாக்கில் நிற்கும். அதைத் தூக்கிப் போடப் போவதில்லை. 80 கிராம் கொதிக்கும் தண்ணீரை அதன்மேல் ஊற்றி மூடி ஆறவிடுங்கள். காய்ந்த தவிட்டுத் துகளை விரலால் நெருடிப் பாருங்கள், ஓரங்கள் கூராக இருக்கும். மாவு உப்பும்போது குளூட்டன் படலத்தைக் குத்திக் கிழிப்பது அந்த ஓரங்கள்தான். வெந்நீரில் ஊறிய தவிடு கூழாக நெகிழ்ந்து, மாவோடு சண்டை போடாமல் கலந்துவிடும். முழுக் கோதுமை பிரெட்டுக்கு நான் சொல்லக்கூடிய யோசனைகளில் உடனடியாகப் பலன் தெரிவது இதில்தான்.

சலித்த மாவில் 320 கிராம் தண்ணீர் விடுங்கள். ஃப்ரிட்ஜ் தண்ணீர் பாதி, குடத்துத் தண்ணீர் பாதி. மாவும் பாத்திரமும் ஏற்கெனவே சூடாக இருப்பதால் இப்படிச் செய்தால்தான் பிசைந்த மாவு 25 டிகிரி வாக்கில் வந்து நிற்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் கொதிக்க வைத்து ஆற்றியதைப் பயன்படுத்துங்கள். உலர்ந்த மாவு தெரியாத அளவுக்குக் கலந்து, உப்பும் ஸ்டார்ட்டரும் சேர்க்காமல் முக்கால் மணி நேரம் மூடி வையுங்கள். ரேமோன் கால்வெல் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் 1974-ல் ஆட்டோலிஸ் என்று பெயர் வைத்துப் பரப்பிய முறை இது. பிசையாமலே குளூட்டன் தானாகச் சேரத் தொடங்கும். சப்பாத்தி மாவை ஊறவிடுகிற நமக்கு இது புதிதில்லை.

பிறகு 75 கிராம் ஸ்டார்ட்டரைச் சிறு துண்டுகளாகப் பிய்த்துப் போட்டு, 10 கிராம் உப்பு, ஆறிய தவிடு, ஒரு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய் சேர்த்து ஐந்தாறு நிமிடம் நன்றாகப் பிசையுங்கள். மிச்சமிருக்கும் 15 கிராம் ஸ்டார்ட்டர்தான் அடுத்த முறைக்கு விதை. நீங்கள் 100 கிராம் தளர்ந்த ஸ்டார்ட்டர் போட்ட இடத்தில் 75 கிராம் கெட்டி ஸ்டார்ட்டர். வெயில் உச்சத்தில் இருக்கும் மாதங்களில் 50 கிராமே போதும்.

பிசைந்ததும் எலுமிச்சம்பழ அளவு மாவைக் கிள்ளி ஒரு நேரான கண்ணாடி டம்ளரில் அழுத்தி வைத்து, அதன் உயரத்தில் ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். டம்ளரைப் பெரிய மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். இனி கடிகாரம் வேண்டாம், அந்த டம்ளர் சொல்வதைக் கேளுங்கள். பெரிய மாவை அரை மணிக்கு ஒருமுறை, மூன்று தடவை, ஈரக் கையால் நாலு பக்கமும் இழுத்து நடுவில் மடித்துவிடுங்கள். மைதா மாவு மாதிரி கண்ணாடித் திரையாக இழுபடாது, கொஞ்சம் இழுபட்டதும் பிய்ந்துபோகப் பார்க்கும். பிய்வதற்கு முன் நிறுத்துங்கள். டம்ளரில் மாவு ரப்பர் பேண்டைத் தாண்டி பாதி உயரம் கூடுவதற்குள், அதாவது மூன்று விரல் இருந்தது நாலரை விரல் ஆவதற்குச் சற்று முன்பே, நிறுத்திவிட வேண்டும். இரட்டிப்பாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரட்டிப்பு என்பது மைதாவுக்கான கணக்கு. தவிடு கலந்த வலை அவ்வளவு நீட்சியைத் தாங்காது. தோராயமாக மூன்று மணி நேரம் ஆகலாம். புழுக்கமான நாளில் இரண்டரையிலேயே முடிந்துவிடும், மார்கழியில் நாலைத் தொடும்.

ஈரக் கையால் மாவை மெதுவாகத் தட்டி, பாய் சுருட்டுவதுபோல் இறுக்கமாகச் சுருட்டி, எண்ணெய் தடவிய 9 அங்குலத்துக்கு 5 அங்குல டின்னில் வையுங்கள். படங்களில் பார்க்கிற வட்ட பிரெட் வேண்டும் என்று உங்களுக்கு ஆசை இருக்கலாம். அவற்றில் பெரும்பாலானவை பலமான குளூட்டன் உள்ள வெள்ளை மாவு கலந்தவை. முழு ஆட்டாவுக்கு டின்னின் சுவர் பெரிய ஆதரவு, அதில் வைப்பது எந்த விதத்திலும் மட்டமில்லை. பெரிய பெரிய ஓட்டைகளும் இதில் வராது. எனக்கு அதுவே பிடிக்கும். வெண்ணெய் தடவினால் வழிந்து ஓடாமல், சிறு சிறு கண்களாக ஒரே சீராக இருக்கிற பிரெட்தான் வீட்டுச் சாப்பாட்டுக்கு லாயக்கு.

டின்னை மூடி உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். அடிக்கடி திறந்து மூடும் வீட்டு ஃப்ரிட்ஜ் 4 டிகிரியில் நிற்காது, மாவு குளிர்வதற்கும் ஓரிரு மணி நேரம் பிடிக்கும். அந்த நேரமெல்லாம் அது எழும்பிக்கொண்டேதான் இருக்கும். முன்கூட்டியே நிறுத்தச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். காலையில் மாவு டின் விளிம்பை எட்டியிருந்தால் நேராக ஓவனுக்குப் போகலாம். எட்டவில்லை என்றால் அரை மணி, முக்கால் மணி வெளியே வைத்துப் பாருங்கள்.

ஓடிஜியில் மேல், கீழ் இரண்டு கம்பிகளும் எரியும்படி 230 டிகிரி வைத்து 20 நிமிடத்துக்குக் குறையாமல் சூடாக்குங்கள். திருகியில் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் பல ஓடிஜிகளில் ஒத்துப்போகாது, உள்ளே வைக்கிற சிறு தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினால் பணம் வீணாகாது. மாவின் மேல் கத்தியால் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, அதே அளவுள்ள இன்னொரு டின்னைக் கவிழ்த்து மூடுங்கள். மாவிலிருந்து வரும் ஆவி உள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பதால் மேல்தோல் உடனே இறுகாது, மாவு எழும்ப அவகாசம் கிடைக்கும். நீங்கள் சொல்கிற கல் மாதிரி மேல்தோலுக்குக் காரணம் ஓடிஜியின் மேல் கம்பி மிக அருகில் இருந்து காய்ச்சுவதுதான். கீழ்த் தட்டில் 25 நிமிடம் மூடியபடி, பிறகு 200 டிகிரிக்கு இறக்கி, மூடியை எடுத்துவிட்டு இன்னும் 25 முதல் 30 நிமிடம். கடைசியில் டின்னிலிருந்து கவிழ்த்து எடுத்து, வெறும் கம்பித் தட்டில் ஐந்து நிமிடம் வைத்தால் அடிப்பக்கமும் பக்கவாட்டும் காய்ந்து வரும். நடுவில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் இருந்தால் 97 டிகிரி காட்ட வேண்டும்.

வாசனைக்கு மயங்கிச் சூட்டோடு வெட்டிவிடாதீர்கள். வெந்த மாவுச்சத்து ஆறும்போதுதான் இறுகி நிலைக்கு வரும், ஈரமும் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பரவும். சூடாக வெட்டினால் நன்றாக வெந்த பிரெட்டும் கத்தியில் களியாக ஒட்டும். காலையில் சுட்டதை இரவுக்கு வெட்டுங்கள், மறுநாள் என்றால் இன்னும் நல்லது. முழுக் கோதுமை சவர்டோவின் மணம் இரண்டாம் நாள்தான் கூடிவரும். பருத்தித் துணியில் சுற்றி வெளியே இரண்டு நாள் வைக்கலாம். நம் புழுக்கத்தில் அதற்கு மேல் வேண்டாம். துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டியபோது எடுத்து தோசைக்கல்லில் வாட்டிக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் சீக்கிரம் வறண்டுபோகும்.

மாமனார் விஷயத்தில் ஒளிக்காமல் சொல்கிறேன். முழுக் கோதுமை, சவர்டோ என்ற இரண்டு பெயரையும் கேட்டுவிட்டுச் சர்க்கரைக்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று நினைத்துவிடக் கூடாது. நைசாக அரைத்த முழுக் கோதுமை பிரெட், ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில் வெள்ளை பிரெட்டுக்கு அதிகம் பின்தங்கியதில்லை. 2008-ல் வெளியான சர்வதேசக் கிளைசெமிக் குறியீட்டு அட்டவணையில் வெள்ளை பிரெட்டின் சராசரி 75, முழுக் கோதுமை பிரெட்டுக்கு 74. சவர்டோவின் அமிலம் அந்த ஏற்றத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், தடுத்துவிடாது. 40 கிராம் துண்டு ஒன்றில் 16, 18 கிராம் மாவுச்சத்து இருக்கும். வழக்கமான சப்பாத்திக்குப் பதிலாக ஒரு துண்டு, கூடவே முட்டையோ சுண்டலோ காய்கறியோ என்று கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் பார்த்து, அந்த எண்ணை அவருடைய டாக்டரிடம் காட்டி முடிவு செய்யுங்கள். மற்றபடி முழுக் கோதுமையில் கிடைக்கும் லாபம் வேறு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் ஆட்டாவில் 11 கிராமுக்கு மேல் நார்ச்சத்து, மைதாவில் 3 கிராமுக்கும் கீழே. தவிட்டில் இரும்பும் துத்தநாகமும் இருந்தாலும் ஃபைட்டிக் அமிலம் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாவு லேசாகப் புளித்தாலே கோதுமையின் சொந்த நொதி அந்தப் பிடியைப் பெருமளவு தளர்த்திவிடுகிறது. நாக்கு கூசுகிற அளவுக்குப் புளிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். சீலியாக் நோய் உள்ளவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் அவர்களுக்கு இந்த பிரெட் ஒரு துண்டுகூட ஆகாது. புளிக்க வைப்பதால் குளூட்டன் போய்விடுவதில்லை.

அடுத்த சுற்றிலும் என்றாவது மாவு கைமீறித் தளர்ந்துவிட்டால் அதை டின்னில் போட்டு ஓவனையும் கரண்டையும் செலவழிக்க வேண்டாம். தண்ணீர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை போட்டு ஊத்தப்பமாக ஊற்றிவிடுங்கள், புளிப்பு அதற்கு எடுப்பாக இருக்கும். பிறகு எனக்கு எழுதும்போது மூன்று விஷயங்களைக் குறித்து அனுப்புங்கள்: மாவு பிசைந்த நேரத்தில் சமையலறை எத்தனை டிகிரி, டம்ளரில் மாவு பாதி உயரம் கூட எவ்வளவு நேரம் ஆயிற்று, டின்னில் வைக்கும்போது தொட்டால் மாவு விரலில் ஒட்டியதா இல்லையா. அதை வைத்து உங்கள் வீட்டுக்கு ஸ்டார்ட்டர் 75 கிராமா 50 கிராமா என்பதைச் சொல்லிவிடலாம்.